வீட்டில் ஓடிய நிரல் மில்லில் ஏன் ஓடவில்லை? கொம்பைலரும் பிரேம்வேர்க்கும், புதிதாகத் தொடங்குவோருக்கு

பரந்தன் பக்கத்தில் மாமாவின் அரிசி மில்லில் கணக்கு எழுதும் தம்பி ஒருவன் இருக்கிறான். உயர்தரத்தில் தகவல் தொழினுட்பம் படித்தவன். யார் எத்தனை மூட்டை நெல் இறக்கினார், ஈரத்துக்கு எவ்வளவு கழித்தது, கையில் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று கொப்பியில் கூட்டிக் கழித்து அலுத்துப்போய், சி ஷார்ப் என்ற நிரல் மொழியில் சின்னதாக ஒரு நிரல் எழுதினான். கறுப்பு விண்டோவில் கேள்வி கேட்கும், எண்ணைத் தட்டினால் மொத்தம் சொல்லும், அவ்வளவுதான். வீட்டு லப்டொப்பில் வடிவாக ஓடியது. எக்ஸி பைலைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு மில்லுக்குப் போனான். அங்கே இரட்டைக் கிளிக் செய்தால், கறுப்பு விண்டோ மின்னல்போல வந்தது, போனது.

"அண்ணை, வீட்டில ஓடுது, மில்லில ஓடுதில்லை" என்று போன்.

நிரல் எழுதத் தொடங்கும் எல்லோரும் ஒருநாள் சொல்லும் வசனம்தான் இது. இதை விளங்கிக்கொள்ள இரண்டு விஷயம் தெரிய வேண்டும். கொம்பைல் செய்வது என்றால் என்ன, பிரேம்வேர்க் என்றால் என்ன. இரண்டையும் தனித்தனிப் பாடமாக நடத்துவார்கள். தம்பிக்கு நேர்ந்தது இரண்டும் சேரும் இடத்தில். அதனால் அவனிடம் இப்படிச் சொன்னேன்: "நீ எழுதினது ஓடுறதில்லை. ஓடுறதில முக்கால்வாசி நீ எழுதினதும் இல்லை."

போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

எழுதியது ஓடுவதில்லை

கணினியின் புரொசசருக்கு எண்களைத் தவிர வேறொன்றும் தெரியாது. தம்பியின் நிரலில் ஒரு வரி இப்படி இருந்தது:

மொத்தம் = மூட்டை * விலை

(ஆம், பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம். சி ஷார்ப்பும் ஏற்கும், பைதன் 3-உம் ஏற்கும். பலர் இதை முயன்றுகூடப் பார்ப்பதில்லை.)

இந்த வரி நமக்கு ஒரே மூச்சில் விளங்குகிறது. புரொசசருக்கு இது நாலு வேலை. நினைவகத்தில் இன்ன இடத்தில் இருக்கும் எண்ணை எடு. இன்னோர் இடத்தில் இருப்பதையும் எடு. இரண்டையும் பெருக்கு. வந்த விடையை மூன்றாவது இடத்தில் வை. இந்த நாலு கட்டளைகளும் எண்களாகவே இருக்க வேண்டும். உதாரணத்துக்கு, இன்டெல் வகைப் புரொசசரிடம் "நீ எங்கிருந்து வந்தாயோ அங்கே திரும்பிப் போ" என்று சொல்ல 195 என்ற ஒரேயோர் எண் போதும். மூட்டை, விலை என்ற பெயர்கள் அதற்குத் தேவையே இல்லை. இடங்கள்தான் தேவை.

நாம் எழுதும் வரிகளை இப்படி எண் கட்டளைகளாக மாற்றித் தரும் மென்பொருள்தான் கொம்பைலர். தமிழில் தொகுப்பி என்பார்கள். கிரேஸ் ஹொப்பர் என்ற அமெரிக்கப் பெண்மணி 1952-இல் செய்த ஏ-0 என்பதை இந்த வகையில் முன்னோடியாகச் சொல்வது வழக்கம். கணினி கணக்குத்தான் போடும், நிரலைத் தானே எழுதிக்கொள்ளுமா என்று அந்தக் காலத்தில் பலர் நம்பவில்லை. 1957-இல் ஐபிஎம்மில் ஜோன் பேக்கஸின் குழு ஃபோர்ட்ரான் கொம்பைலரை வெளியிட்ட பிறகு அந்தச் சந்தேகம் மெல்லக் கரைந்தது.

நான் தம்பியை முதலில் செய்யச் சொன்னது ஒரு விளையாட்டு. எக்ஸி பைலை நோட்பாட்டில் இழுத்துப் போடச் சொன்னேன். திரை முழுக்கக் கிறுக்கல்: பெட்டிகள், கேள்விக்குறிகள், எங்கேயோ பார்த்த மாதிரி ஏதேதோ எழுத்துகள். ஆனால் தொடக்கத்தைப் பார்த்தால் எம், இசட் என்று இரண்டு எழுத்து தெளிவாக இருக்கும். மைக்ரோசொஃப்டில் இந்தப் பைல் அமைப்பை வடிவமைத்த மார்க் ஸ்பிகோவ்ஸ்கி என்பவரின் பெயரெழுத்துகள் அவை. கொஞ்சம் தள்ளி, கிறுக்கலுக்கு நடுவே ஒரு முழு ஆங்கில வசனமும் இருக்கும். இந்த நிரலை டாஸ் முறையில் ஓட்ட முடியாது என்பது அதன் பொருள். டாஸ் என்பது விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம், அதன் காலம் முடிந்து எத்தனையோ வருடம். இன்றைக்கும் விண்டோஸ் எக்ஸி அநேகமாக ஒவ்வொன்றும் அந்த வசனத்தைப் பழைய வீட்டுக் கதவில் ஒட்டிய அறிவித்தல் மாதிரிச் சுமந்துகொண்டு திரிகிறது.

அந்தக் கிறுக்கல் பழுதான பைல் அல்ல. எண்களை நோட்பாட் எழுத்துகள் என்று நினைத்துக் காட்டுவதால் வருவது. அங்கே எதையாவது திருத்திச் சேமித்தால் மட்டும் உண்மையிலேயே பழுதாகிவிடும். (தம்பி திருத்தினான். நல்லவேளை, லப்டொப்பில் வேறு பிரதி இருந்தது.)

மில்லில் இருப்பவனுக்கு நெல்லை வைத்தே சொல்லலாம் என்று தோன்றியது. நாம் எழுதும் மூல நிரல் விதைநெல். கொம்பைலர் மில். வெளியே வருவது அரிசி. அரிசி உடனே உலையில் போட ஆயத்தம், ஆனால் அதைக் கொண்டுபோய் வயலில் விதைக்க முடியாது. அடுத்த போகத்தில் ஒரு மாற்றம் செய்ய வேண்டும் என்றால் விதைநெல்லுக்குத்தான் திரும்பிப் போக வேண்டும். சி மொழி அப்படிப்பட்டது. டெனிஸ் ரிச்சி 1970-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுகூடத்தில் உருவாக்கிய அந்த மொழியில் எழுதிக் கொம்பைல் செய்தால், நீங்கள் வைத்த பெயர்களும் பக்கத்தில் எழுதிவைத்த குறிப்புகளும் பொதுவாகக் கழிந்து போகும், உமியும் தவிடும் போல. மிச்சம் எண்கள்.

இன்னொன்றும் உண்டு. இன்டெல் புரொசசருக்காகக் குத்திய அரிசி உங்கள் கைப்பேசிக்கு ஆகாது. கைப்பேசிகளில் பெரும்பாலும் இருப்பது ஆர்ம் வகைப் புரொசசர், அதன் எண்மொழியே வேறு. இன்றைய 64 பிட் ஆர்மில் ஒவ்வொரு கட்டளையும் சரியாக நாலு பைட் நீளம். இன்டெல் வகையில் ஒரு பைட்டிலும் முடியும், பத்தைத் தாண்டியும் போகும். 64 பிட்டுக்குக் கொம்பைல் செய்த எக்ஸியைப் பழைய 32 பிட் விண்டோஸில் கிளிக் செய்தால் இது இந்தக் கணினிக்குப் பொருந்தாது என்று வருவதும் இதே மாதிரிச் சிக்கல்தான்.

அவித்த நெல்

சரி, தம்பியின் சி ஷார்ப் இந்தக் கதைக்குள் முழுதாக அடங்காது. சி ஷார்ப்பும் ஜாவாவும் நடுவில் ஒரு தரிப்பு வைத்திருக்கின்றன.

நெல்லை நேரே குத்தினால் பச்சை அரிசி. ஊறவைத்து, அவித்து, காயவைத்துப் பிறகு குத்தினால் புழுங்கல். அந்த அவித்துக் காயவைத்த நெல்லை நினைத்துப் பாருங்கள். பார்க்க நெல், ஆனால் முளைக்காது. அரிசியும் இல்லை, உமி இன்னும் போகவில்லை. சி ஷார்ப் கொம்பைலர் உண்டாக்குவது இப்படி ஒரு நடுத்தரச் சரக்கு. இடைநிலை மொழி என்று சொல்லலாம், ஜாவாக்காரர் இதைப் பைட்கோட் என்பார்கள். அது எந்தப் புரொசசருக்கும் உரிய எண்மொழி அல்ல. அதை அப்படியே எந்தக் கணினிக்கும் கொண்டுபோகலாம். போன இடத்தில் இருக்கும் இன்னொரு மென்பொருள், நிரல் ஓடும்போது, தேவைப்படும் பகுதியைத் தேவைப்படும் நேரத்தில் அந்தக் கணினிக்கு ஏற்றபடி குத்திக்கொடுக்கும். அந்த இன்னொரு மென்பொருளுக்கு ரன்டைம் என்று பெயர். 1995-இல் சன் நிறுவனம் ஜாவாவை வெளியிட்டபோது "ஒருமுறை எழுதினால் எங்கும் ஓடும்" என்று சொல்லி விற்றது இந்த வசதியைத்தான்.

எங்கும் ஓடும், ஆனால் அங்கே ஒரு மில் இருந்தால். தம்பி மறந்தது அதை.

அவனைக் கிளிக் செய்யாமல், கமாண்ட் விண்டோவைத் திறந்து அதற்குள்ளிருந்து நிரலின் பெயரைத் தட்டச் சொன்னேன். இப்படிச் செய்தால் விண்டோ மூடாது, பிழைச் செய்தி திரையில் நிற்கும். வந்த செய்தி: ஓட்ட வேண்டிய டிஎல்எல் பைல் இங்கே இல்லை. டிஎல்எல் என்பது கொம்பைல் செய்த நிரலைக் கொண்ட, இன்னொரு நிரல் எடுத்து ஓட்டும் பைல். அதாவது அவன் பென் டிரைவில் கொண்டுபோன எக்ஸி, அவன் எழுதிய நிரலே அல்ல! அது வாசலில் நின்று கூப்பிடும் ஆள் மட்டும். அவன் எழுதியது, சில கிலோபைட் அளவான டிஎல்எல் ஒன்றாக, அதே போல்டரில் வீட்டு லப்டொப்பில் சும்மா இருந்தது.

மறுநாள் போல்டர் முழுவதையும் கொண்டுபோனான். இந்தமுறை வேறு செய்தி: இதை ஓட்ட டொட் நெட்டை நிறுவ வேண்டும். சி ஷார்ப்புக்கான ரன்டைம்தான் டொட் நெட். நெல் வந்துவிட்டது, மில்லில் மில் இல்லை.

"விண்டோஸில டொட் நெட் இருக்குத்தானே, செட்டிங்ஸில பார்த்தனான்" என்றான். அவனைக் குறை சொல்ல முடியாது. இந்தப் பெயர்க் குழப்பம் மைக்ரோசொஃப்ட் தந்தது. 2002-இல் அவர்கள் வெளியிட்டது டொட் நெட் பிரேம்வேர்க். அது விண்டோஸோடு மட்டும் சேர்ந்தது, இன்றைய விண்டோஸிலும் அதன் 4-ஆம் வரிசைப் பதிப்பு கூடவே வரும். 2016-இல் லினக்ஸ், மக் என்ற வேறு இயங்குதளங்களிலும் ஓடக்கூடியதாகப் புதிதாக ஒன்றைச் செய்து டொட் நெட் கோர் என்றார்கள். 2020-இல் 5-ஆம் பதிப்பு வந்தபோது கோர் என்ற சொல்லை எடுத்துவிட்டு வெறும் டொட் நெட் ஆக்கினார்கள். தம்பி எழுதியது புதியதில். விண்டோஸில் ஏற்கெனவே இருந்தது பழையது. பெயரில் பாதி ஒன்றே என்பதால் ஒன்று மற்றதை ஓட்டிவிடாது.

இதற்கு வழி இரண்டு. மில் கணினியில் ரன்டைமை நிறுவலாம். அல்லது வெளியிடும்போதே ரன்டைமையும் சேர்த்துக் கட்டிக் கொடுக்கலாம். மில்லில் இணையம் நினைத்தால் வரும் நினைத்தால் போகும் என்பதால் இரண்டாவதைச் செய்தோம். அப்போது போல்டரைப் பார்த்துத் தம்பி வாயைப் பிளந்தான். அவனுடைய டிஎல்எல் அதே சில கிலோபைட்தான். போல்டர் மொத்தம் 60, 70 மெகாபைட். நான் போனில் சொன்னதன் இரண்டாவது பாதி அவனுக்கு அந்த நேரம்தான் விளங்கியது.

இந்த நெல் உவமை ஓரிடத்தில் கவிழும், அதையும் சொல்லிவிட வேண்டும். அவித்த நெல் முளைக்காது. இடைநிலை மொழியை ஓரளவு முளைக்க வைக்கலாம். சில மாதம் கழித்துத் தம்பியின் லப்டொப் பழுதாகி எல்லாம் அழிந்தபோது, மூல நிரலுக்கு அவன் பிரதி வைத்திருக்கவில்லை. மில்லில் இருந்த டிஎல்எல்லை எடுத்து, ஐஎல்ஸ்பை என்ற இலவசக் கருவியில் திறந்தோம். நிரல் கிட்டத்தட்ட முழுதாகத் திரும்பி வந்தது. பக்கத்தில் எழுதிய குறிப்புகள் மட்டும் வரவில்லை. ஈரத்துக்கு அந்த அளவு ஏன் கழிக்கிறோம் என்று மாமா சொன்னதை அவன் குறிப்பாகத்தான் எழுதி வைத்திருந்தான். மாமாவிடம் திரும்பக் கேட்க வேண்டியதாயிற்று. சி ஷார்ப்பில், ஜாவாவில் எழுதிக் கொடுத்தால் உள்ளே இருப்பதை எவரும் பார்க்க மாட்டார் என்று நம்பி, கடவுச்சொல்லை நிரலுக்குள்ளேயே எழுதி வைப்பவர்களுக்கும் இந்தக் கதையைச் சொல்வேன்.

பரீட்சையில் எழுதுவதும் உண்மையில் நடப்பதும்

பள்ளிக்கூடத்தில் இரண்டு பெட்டி வரைந்து படித்திருப்பீர்கள். கொம்பைலர் முழு நிரலையும் ஒரேயடியாக மொழிபெயர்க்கும். இன்டர்பிரிட்டர் வரிவரியாக மொழிபெயர்த்து ஓட்டும். பஸ்கால் முதல் பெட்டி, பைதன் இரண்டாவது. பரீட்சையில் அப்படியே எழுதுங்கள், புள்ளி கிடைக்கும். பிறகு வீட்டில் வந்து ஒன்று செய்து பாருங்கள்.

பைதனில் மூன்று வரி எழுதுங்கள். முதல் வரி வணக்கம் என்று திரையில் காட்ட வேண்டும். இரண்டாவது எதுவானாலும் சரி. மூன்றாவது வரியில் வேண்டுமென்றே ஓர் அடைப்புக்குறியை மூடாமல் விடுங்கள். வரிவரியாக ஓடுவது உண்மையானால் முதலில் வணக்கம் வந்து, மூன்றாவது வரியில்தான் பிழை வர வேண்டும். வராது. வணக்கம் சொல்லாமலே பிழை சொல்லும். இப்போது அடைப்புக்குறியைச் சரிசெய்துவிட்டு, மூன்றாவது வரியில் எங்குமே இல்லாத ஒரு பெயரைப் பயன்படுத்துங்கள். இந்தமுறை வணக்கம் வரும், அப்புறம் பிழை வரும்.

நடப்பது என்னவென்றால், பைதனும் முதலில் முழுப் பைலையும் வாசித்துப் பைட்கோட் ஆக்குகிறது. எழுத்திலக்கணப் பிழை அந்தக் கட்டத்திலேயே பிடிபடும். பெயர் இருக்கிறதா இல்லையா என்பது ஓடும்போதுதான் தெரியவரும். பைதன் போல்டர்களில் தானாக முளைக்கும் பைகாஷ் என்ற சின்ன போல்டரைக் குப்பை என்று அழிப்பவர்கள் உண்டு. அதற்குள் இருப்பது அந்தப் பைட்கோட்தான். (அழித்தால் ஒன்றும் ஆகாது, திரும்ப முளைக்கும்.) பிரௌசருக்குள் ஓடும் ஜாவாஸ்கிரிப்டும் இப்படித்தான். 1995-இல் பிரெண்டன் ஐக் பத்து நாளில் முதல் வடிவத்தை எழுதிய அந்த மொழியை, 2008-இல் கூகுள் குரோமோடு வந்த வி8 எந்திரம் ஓடும்போதே எண்மொழிக்குக் கொம்பைல் செய்யத் தொடங்கியது. ஆகவே இது கொம்பைல் மொழி, அது இன்டர்பிரிட்டர் மொழி என்று மொழிக்கே முத்திரை குத்துவது எனக்கு உடன்பாடில்லை. அந்த மொழியை ஓட்டும் கருவி என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி.

குளமும் உழவு மெசினும்

கணக்கு மில்லில் ஓடத் தொடங்கியதும் மாமாவுக்கு அடுத்த ஆசை வந்தது. வீட்டிலிருந்து போனில் பார்க்க வேண்டுமாம். அதற்கு வலைப்பக்கமாகச் செய்வதுதான் சுகம். அங்கேதான் தம்பி உண்மையான பிரேம்வேர்க் ஒன்றைச் சந்தித்தான்.

பிரேம்வேர்க்கைத் தமிழில் சட்டகம் என்கிறார்கள். சொல் சரிதான், ஆனால் கேட்டவுடன் படச்சட்டம் நினைவுக்கு வருகிறது, சும்மா சுற்றிவர நிற்கும் நாலு பலகை. உண்மையில் அது சும்மா நிற்பதில்லை. அதை விளங்க, முதலில் லைப்ரரி என்பதைப் பார்ப்போம்.

வயல் உழ வேண்டும். உங்களிடம் மெசின் இல்லை. வாடகைக்குக் கூப்பிடுகிறீர்கள். எப்போது வருவது, எந்த வரம்பிலிருந்து தொடங்குவது, எத்தனை தரம் உழுவது என்பதெல்லாம் உங்கள் முடிவு. வேலை முடிந்ததும் மெசின் போய்விடும். லைப்ரரி இப்படித்தான். வேறொருவர் எழுதி வைத்த நிரல், நீங்கள் கூப்பிடும்போது வந்து வேலை செய்யும். வர்க்கமூலம் காண்பது, படத்தைச் சுருக்குவது, திகதியைக் கணக்கிடுவது எல்லாம் இதற்குள் வரும்.

இப்போது இரணைமடுக் குளத்தின் கீழ் சிறுபோகம் செய்வதை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை ஏக்கர் விதைக்கலாம், தண்ணீர் எப்போது திறப்பது என்று பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் முடிவாகும். நீங்கள் போய்க் கதவைத் திறப்பதில்லை. தண்ணீர் பெரிய வாய்க்காலில் வந்து, கிளை வாய்க்காலில் பிரிந்து, முறைப்படி உங்கள் வயல் வாசலுக்கு வரும். அந்த நேரத்தில் மடையை வெட்டித் தண்ணீரை உள்ளே விட்டு, உங்கள் வயலுக்கு என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்வது மட்டும் உங்கள் வேலை. பிரேம்வேர்க் இது. நீங்கள் அதைக் கூப்பிடுவதில்லை, அது உங்களைக் கூப்பிடும். "எங்களைக் கூப்பிடாதே, நாங்களே உன்னைக் கூப்பிடுவோம்" என்று நடிக்க வாய்ப்புக் கேட்பவரிடம் சொல்வார்களாம், அதை வைத்து இதற்கு ஹொலிவூட் கொள்கை என்று ஒரு பட்டப்பெயரும் உண்டு. எனக்கு வாய்க்கால்தான் கூடுதலாகப் பிடித்திருக்கிறது.

பைதன் உயர்தரத்திலேயே படித்தது என்பதால் தம்பி ஜாங்கோவைத் தேர்ந்தான். 2005-இல் பொதுவெளிக்கு வந்த வலைப் பிரேம்வேர்க் அது. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் ஒரு பத்திரிகை அலுவலகத்தில், செய்தித் தளங்களைக் கெதியாகச் செய்து முடிக்கும் தேவையில் பிறந்தது. புதிய திட்டம் தொடங்கு என்று ஒரு கட்டளை கொடுத்தால் ஆறு பைல்களைத் தானே எழுதி வைக்கும். ஓட்டினால் பிரௌசரில் ஒரு ராக்கெட் படம் வந்து, நிறுவியது சரி என்று சொல்லும். தம்பி ஒரு வரிகூட எழுதவில்லை, அதற்குள் தளம் ஓடுகிறது!

"அண்ணை, தொடங்கிற இடம் எங்க? மெயின் எங்க?" என்று கேட்டான். நல்ல கேள்வி. சி ஷார்ப்பில் அவன் எழுதியதற்கு மேலிருந்து கீழாக ஓர் ஓட்டம் இருந்தது. இங்கே அப்படி ஒன்று அவன் கைக்கு அகப்படவில்லை. காரணம், ஓட்டம் ஜாங்கோவிடம் இருக்கிறது. இந்த முகவரியை யாராவது கேட்டால் இந்தச் செயற்கூறை (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டை) கூப்பிடு என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதுதான் நம் பங்கு.

சொல்லிப் புரியவைக்க முடியாததை ஒரு பிழை புரியவைத்தது. சராசரி விலை காட்டும் பக்கத்தில், அன்றைக்கு ஒரு மூட்டையும் வராத நாளில், பூச்சியத்தால் வகுத்து நிரல் விழுந்தது. ஜாங்கோ ஒரு நீளமான பிழைப் பக்கத்தைக் காட்டியது: யார் யாரைக் கூப்பிட்டு இந்த இடத்துக்கு வந்தது என்ற வரிசை. மேலே இருந்தவை எல்லாம் ஜாங்கோவின் சொந்தப் பைல்கள். ஆகக் கடைசியில்தான் அவனுடைய பைல், அவனுடைய அந்த ஒரு வரி. பெரிய வாய்க்கால், கிளை வாய்க்கால், கடைசியில் அவன் வயல்.

அந்த மேல்வரிசை என்ன செய்துகொண்டிருந்தது? பிரௌசர் அனுப்பியதை வாசித்தது. முகவரியைப் பிரித்து யாருக்கு அனுப்புவது என்று பார்த்தது. உள்நுழைந்தவர் யார் என்று சரிபார்த்தது. படிவம் வேறு தளத்திலிருந்து கள்ளமாக அனுப்பப்பட்டதா என்று சோதித்தது. தரவுத்தளத்தில் தேடும்போது யாரேனும் பெயருக்குப் பதில் கட்டளையை எழுதி உள்ளே நுழையாதபடி ஜாங்கோவே பார்த்துக்கொள்ளும், அதன் வழியாகத் தேடினால். இதெல்லாவற்றையும் தொடக்க நிலையில் உள்ள ஒருவர் தானே எழுதினால் நிச்சயம் எங்காவது ஓட்டை விடுவார். நானும் விட்டிருக்கிறேன்.

ஆனால் குளத்தின் கீழ் இருந்தால் குளத்தின் சட்டம் செல்லும். மாமாவின் போனில் பக்கத்தைத் திறந்தபோது ஜாங்கோ மறுத்துவிட்டது. அனுமதித்த முகவரிப் பட்டியலில் லப்டொப்பின் வீட்டு வைஃபை எண் இல்லை, வேண்டுமானால் சேர் என்று செய்தி. தம்பிக்கு எரிச்சல். "என்ர லப்டொப், என்ர வைஃபை, இதுக்கும் அனுமதியா?" ஒரு வரி சேர்த்தான், திறந்தது. இது சின்னச் சட்டம். பெரிதாகவும் அடி விழலாம். கூகுளின் அங்குலர் பிரேம்வேர்க் 2016-இல் இரண்டாம் பதிப்பாக வந்தபோது, முதல் பதிப்பில் எழுதியவை அப்படியே அதில் ஓடவில்லை. பலர் பெரும்பகுதியைத் திரும்ப எழுத வேண்டியிருந்தது. பழையதற்கான ஆதரவு 2021 இறுதியோடு நின்றது. பிரேம்வேர்க்கைத் தெரிவு செய்யும்போது அதன் அழகைவிட, எத்தனை பேர் அதைப் பராமரிக்கிறார்கள் என்று பார்ப்பது நல்லது.

பிரேம்வேர்க்கும் கொம்பைலும் எங்கே தொடுகின்றன என்று கேட்டால், பிரேம்வேர்க்கும் யாரோ எழுதிய நிரல்தான், அதுவும் ஏதோ ஒரு வடிவில்தான் உங்களிடம் வருகிறது. ஜாங்கோ விதைநெல்லாகவே வரும், எந்தப் பைலையும் திறந்து வாசிக்கலாம். டொட் நெட்டின் வலைப் பிரேம்வேர்க் ஏற்கெனவே கொம்பைல் ஆன டிஎல்எல்களாக வரும். அதனால்தான் டிஎல்எல் காணவில்லை என்ற செய்தி இவ்வளவு அடிக்கடி வருகிறது. கிளிநொச்சியில் கொமினிகேசன் கடை நடத்தும் ஒருவரைக் கேளுங்கள், விசி ரன்டைம் 140 டிஎல்எல் காணவில்லை என்று எத்தனை பேர் லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள் என்று சொல்வார். அது சி பிளஸ் பிளஸ் நிரல்களுக்குத் தேவையான பொதுப் பகுதி. மைக்ரோசொஃப்டின் சொந்தத் தளத்தில் விஷுவல் சி பிளஸ் பிளஸ் மறுவிநியோகத் தொகுப்பு என்று இலவசமாகக் கிடைக்கும், அதை நிறுவினால் தீரும். அந்த ஒரு டிஎல்எல்லை மட்டும் தருகிறோம் என்று அழைக்கும் தளங்கள் பக்கம் போகவே போகாதீர்கள். முன்பின் தெரியாத ஒருவர் கொம்பைல் செய்த பைலுக்குள் என்ன இருக்கிறது என்று நோட்பாட்டில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

எங்கிருந்து தொடங்குவது

என் அபிப்பிராயம், பிரேம்வேர்க்கிலிருந்து தொடங்க வேண்டாம். இரண்டு மூன்று மாதம் வெறும் மொழியோடு மல்லுக்கட்டுங்கள். செயற்கூறு என்றால் என்ன, ஒன்று மற்றதை எப்படிக் கூப்பிடுகிறது என்பது கைக்கு வந்த பிறகு பிரேம்வேர்க்கைத் தொட்டால், அது உங்களைக் கூப்பிடுவது விளங்கும். முன்பே தொட்டால் யாரோ சொன்ன ஆறு கட்டளைகளை மனப்பாடம் செய்வீர்கள், ஏழாவதில் நிற்பீர்கள்.

டேட்டாவையும் யோசிக்க வேண்டும். விஷுவல் ஸ்டூடியோ முழுத்தொகுப்பு பல ஜிபி போகும், இரவுநேர டேட்டாவுக்குக் காத்திருந்தாலும் ஒரே இரவில் முடியாமல் போகலாம். பைதன் நிறுவும் பைல் சுமார் 30 மெகாபைட். மல்லாவியோ ஒட்டுசுட்டானோ, எங்கிருந்தாலும் அதை இறக்கிவிடலாம்.

லப்டொப் இல்லை, அன்ட்ரொயிட் போன் மட்டும்தான் என்றாலும் பரவாயில்லை. டேர்மக்ஸ் என்ற இலவச ஆப் இருக்கிறது, அதற்குள் பைதனையும் சி மொழிக்கான கிளாங் கொம்பைலரையும் நிறுவலாம். நாலு வரியில் சி நிரல் ஒன்று எழுதிக் கொம்பைல் செய்து, வந்த பைலை அங்கேயே எழுத்தாகக் காட்டச் சொல்லிப் பாருங்கள். அதே கிறுக்கல்தான் வரும், ஆனால் தொடக்கத்தில் எம், இசட் இருக்காது. ஈ, எல், எஃப் என்ற மூன்று எழுத்து இருக்கும். அது லினக்ஸ் உலகத்துப் பைல்களின் அடையாளம். அன்ட்ரொயிடுக்கு அடியில் ஓடுவது லினக்ஸ்தான்.